உப்பு விற்ற ராணியின் முடிவு

7-3-1954
நானும் என் வீட்டுக்காரி காளியம்மாவும் குருண் டவுனுக்குப் போய்ப் படம் பார்த்தோம். அரண்மனையை விட்டுத் துரத்தப்பட்ட ராணி சந்தையில் உப்பு விற்கிறாள். ராஜா மாறுவேடத்தில் வந்து அவளிடமே உப்பு கேட்கிறான். ராணியாக வந்தவள் நன்றாக அழுகிறாள். கத்திச் சண்டை சுமார். பாட்டு பதினாறு. பத்து போதும். ராஜா அவள் முகத்தை உற்றுப் பார்க்கிறான் — அத்தோடு எழுந்து வந்துவிட்டோம். ஆறு மணிக்கு எங்கள் ரப்பர் தோட்டத்து முள்வேலிக் கேட்டை மூடிவிடுவார்கள். மலாயாவில் இந்த அவசரகாலம் வந்ததிலிருந்து ஒரு படத்துக்கும் முடிவு பார்த்ததில்லை.

பஸ்ஸில் காளியம்மா சொன்னாள்: "கண்ணு முழுசா மங்கறதுக்குள்ள ஒரு படத்தோட முடிவையாவது பாத்துரணுங்க."

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரிக்கு வா என்றால், "கத்தி வைக்க விடமாட்டேன் லா" என்கிறாள்.

10-3-1954
அய்யூப் கடையில் வாங்கிய அந்தப் படத்துப் பாட்டுப் புத்தகத்தை முழுதும் வாசித்துவிட்டேன். நானே! அறுபத்து மூன்று வயதில்! போன வருஷம் அகத்தா டீச்சரின் முதியோர் வகுப்பில் 'அ' போடவே ஒரு வாரம் ஆனது.

ஆனால் கதை பாதியில் நிற்கிறது. 'மீதியை வெள்ளித் திரையில் காண்க' என்று போட்டிருக்கிறான். அடப்பாவி, திரையிலும் அதே பாதியைத்தானே பார்த்தேன்?

கீழே கொஞ்சம் காலி இடம் இருக்கிறது.

11-3-1954
முடிவை நானே எழுதிவிட்டேன். எட்டு வரி. காளியம்மாவுக்கு வாசித்தேன். "கண்டுபிடிச்சுட்டான்ல? அதானே!" என்று சிரித்தாள்.

15-3-1954
மாட்டிக்கொண்டேன்.

காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் சோதனை. கூட வேலை செய்பவர்களுக்குக் காட்டலாமென்று பாட்டுப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். காவலுக்கு நின்ற சுப்பிரமணியம் பிரித்து உரக்க வாசித்தான்: "எதிரிகள் ராஜாவைத் துரத்தினார்கள். ராணி அரிசியும் உப்பும் மூட்டை கட்டி யாருக்கும் தெரியாமல் காட்டுக்குக் கொண்டுபோனாள்."

வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போனாலே, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் என்று ஜெயில். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாரு எழுதினது?"

"நான்தான் தம்பி."

"பெரியவரே, நீங்க கைநாட்டு. யாருகிட்ட கதை விடுறீங்க?"

சொல்ல வெட்கம். அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனா என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா காளி என்ன பண்ணுவா? அடுப்பையே தடவித்தானே பத்தவைக்கிறா —

அகத்தா டீச்சர் ஓடி வந்து, "நான்தான் எழுத்துச் சொல்லிக் குடுத்தேன்" என்றார். அவன் நம்பவில்லை. தன் எதிரிலேயே எழுதச் சொன்னான். எட்டு வரியையும் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் லயத்து வீடுகளிலிருந்து பாதிப் பேர் கூடிவிட்டார்கள். ஆறாவது வரியில் சுப்பிரமணியமும் குனிந்து கூடவே வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

"காட்டை எடுத்துடுங்க பெரியவரே," என்று புத்தகத்தைத் திருப்பித் தந்தான். பிறகு மெதுவாக, "நெசமாவே ராஜா கண்டுபிடிச்சானா?"

16-3-1954
காட்டை எடுத்துவிட்டேன். இப்போது ராஜா உப்புக்கடையிலேயே தங்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து உப்பு அளந்து போடுகிறான். முன்னதைவிட இது நன்றாக இருக்கிறது.

2-11-1954
அவளுக்கு இப்போது என் முகம் தெரியவில்லை. சட்டை வெள்ளையா நீலமா என்பது மட்டும் தெரிகிறதாம். இனி நீலத்தையே போடுவதில்லை. வெள்ளைதான் பளிச்சென்று தெரிகிறதாம்.

4-9-1955
எங்கள் பகுதியை ஆபத்து நீங்கிய 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்துவிட்டார்கள். ஊரடங்கு இல்லை. கேட் திறந்தே கிடக்கிறது. குருணில் அதே படம் மறுபடியும் வந்திருக்கிறது!

"நான் வந்து எதைப் பாக்கப்போறேன்?" என்றாள் காளியம்மா. நான் விடவில்லை.

11-9-1955
போனோம். திரையில் நடப்பதையெல்லாம் அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ராஜா உற்றுப் பார்த்தான். அப்புறம் — கண்டுபிடிக்காமலே போய்விட்டான். திரும்பி ஓடி வந்தபோது ராணி உப்பு மூட்டையில் சாய்ந்து செத்துக் கிடந்தாள்.

மோசமான முடிவு. கதை எழுதினவனுக்கு மனசே இல்லை.

"கண்டுபிடிச்சுட்டான்," என்றேன். "ரெண்டு பேரும் சேந்துட்டாங்க."

கொட்டகையை விட்டு வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சேந்துட்டாங்கன்னா கொட்டகை முழுக்க ஏன் மூக்கு சிந்துச்சு? எனக்குக் கண்ணுதான் போச்சு."

மறுபடியும் மாட்டிக்கொண்டேன்.

"உங்க முடிவுதான் நல்லாருக்கு. அதை வாசிங்க."

பையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்தேன். மணி ஆறு தாண்டியிருந்தது. பழக்கம் போகுமா, அவசர அவசரமாக வாசித்தேன்.

"மெதுவா வாசிங்க," என்றாள். "இன்னிக்குக் கேட்டை மூடமாட்டாங்க."