இடப்பக்க முடிச்சு

அக்கா,

இன்று காலை மாவடு ஜாடியைத் திறக்கும் முன், வழக்கம்போல வாய்த்துணியின் முடிச்சைத்தான் முதலில் பார்த்தேன். நான் போட்டபடியே வலப்பக்கம் இருந்தது. யாரும் தொடவில்லை என்று திருப்தியாக அவிழ்த்தால், குப்பென்று ஒரு கெட்ட வாடை. மேலாக இருந்த வடுவெல்லாம் குழைந்து வெள்ளை பூத்துக் கிடந்தது.

அண்ணன் தம்பி இருவரும் நடுவில் சுவர் வைத்து வீட்டைப் பிரித்துக்கொண்டாலும், ஓரகத்திகளான நமக்குப் புறவாசல் மாமரம் பொதுவாகத்தான் இருந்தது. மாசியில் நீங்கள் தொரட்டியால் கொத்தை வளைப்பீர்கள், நான் காம்போடு கிள்ளுவேன். கீழே விழுந்து அடிபட்டதைச் சேர்க்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். பாதிப் பாதி பிரித்து, அவரவர் ஜாடியில் கல்லுப்பு போட்டுத் துணி கட்டிவிடுவோம்.

சீவலப்பேரிப் பள்ளிக்கூடத்துக்கு நான் பஸ் பிடிக்க ஓடும்போது வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கும். சாயங்காலம் வந்து பார்த்தால் முடிச்சு இடப்பக்கம் மாறியிருக்கும். நம் இரண்டு வீட்டிலும் இடதுகைக்காரி நீங்கள் ஒருத்திதான். ஒருமுறை கேட்டே விட்டேன்.

"காத்துல மாறியிருக்கும், போ" என்று சிரித்தீர்கள்.

காற்று முடிச்சுப் போடுமா? அடுத்த வருஷம் வடுவை எண்ணிப் போட்டேன். பத்து நாள் கழித்து எண்ணினால் ஒன்றுகூடக் குறையவில்லை. வேறொருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். எனக்குச் சந்தேகம் கூடியது. நல்லதை எடுத்துக்கொண்டு, விழுந்ததைப் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டுகிறீர்கள் என்று முடிவு கட்டினேன்.

போன வருஷம் ஜாடியை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்த வடு அழுகிப்போனது. உங்கள் கண் பட்டுவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், அக்கா. கூசாமல் சொன்னேன். விஷயம் தெரிந்து நீங்கள் உங்கள் வடுவில் பாதியைச் சின்ன ஜாடியில் போட்டுக் கொண்டுவந்து தந்தீர்கள். எதற்கு இந்தத் திடீர் அக்கறை என்று அதையும் திறக்காமல் பரணில் தள்ளினேன். ஐப்பசியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

கெட்டுப்போனதைப் புறவாசலில் கொட்டும்போது பெரியத்தான் பார்த்தார். உங்களைப் பறிகொடுத்த பிறகு அதிகம் பேசாதவர், இன்று நின்று பேசினார்.

"பஸ்ஸுக்கு ஓடுத அவசரத்துல நீ குலுக்க மறந்துருதன்னு, தெனமும் அவதான் போயி ஒன் ஜாடிய அவுத்துப் பாத்துக் குலுக்கிக் கட்டி வச்சிட்டு வருவா. அப்புறந்தான் காப்பி. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா. சொன்னா நீ சங்கடப்படுவியாம்."

குலுக்காவிட்டால் மேல் வடுவுக்கு உப்புநீர் ஏறாது. இது எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்து என்ன செய்ய, முடிச்சைப் பார்க்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. நீங்கள் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பேன். வெட்கமாக இருக்கிறது, அக்கா.

மத்தியானம் பரணிலிருந்து உங்கள் ஜாடியை இறக்கினேன். துணியின் முடிச்சு இடப்பக்கம் இருந்தது. அவிழ்க்க வெகுநேரம் ஆனது. வடு சுருங்கி, கெடாமல், நீங்கள் போட்டபடியே இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு மோர்சாதம் சாப்பிட்டேன். பிறகு ஜாடியை நன்றாகக் குலுக்கி, எனக்குப் பழகாத இடது கையால் முடிச்சுப் போட முயன்றேன். கோணலாகத்தான் வந்தது.

உள்ளே எத்தனை இருக்கிறது என்று நான் எண்ணவில்லை.