மீதி இரண்டு முழம்

ஆரணி,
ஆடி 20

அன்புள்ள தீபா அப்பாவுக்கு,

ரேணுகா எழுதுவது. நானும் தீபாவும் உங்கள் தங்கை பரிமளாவும் நலம். உங்கள் கோபம் எப்படி இருக்கிறது? போன் பண்ணினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாதே! அதனால்தான் சனிக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிற சேவூர் குணா அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பரிமளாவின் கல்யாணப் புடவை எவ்வளவு நெய்தாயிற்று என்று அன்றைக்குக் கேட்டீர்கள். பகலில் தறியில் உட்கார்ந்து நான் நெய்தது இரண்டில் ஒரு பங்கு. செய்யாறு கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வந்து அவள் நெய்தது மூன்றில் ஒரு பங்கு. பத்தாவது படித்த பெருமையில் மேலே இருந்த ஒன்றையும் ஒன்றையும் கூட்டினேன், கீழே இருந்த இரண்டையும் மூன்றையும் கூட்டினேன், ஐந்தில் இரண்டு என்று சொல்லிவிட்டேன். பாதிகூட ஆகவில்லையா, கடையில் ஒன்று வாங்கிவிடுங்கள், நான் முகூர்த்தத்துக்கு முதல் நாள் வந்தால் போதும் என்று வைத்துவிட்டீர்கள். அன்றைக்குப் பரிமளா சாப்பிடவே இல்லை.

நேற்று தீபாவின் ஆறாம் வகுப்பு நோட்டில் அதே கணக்கு. நான் சொன்ன விடையைக் கேட்டுச் சிரிக்கிறாள். இன்னாம்மா, நீ நெய்ஞ்சதே பாதி, அத்தை நெய்ஞ்சதையும் சேத்தா எப்பிடிம்மா கொறையும் என்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேறு வேறு பங்கை அப்படியே கூட்டக் கூடாதாம், ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் கூட்ட வேண்டுமாம். புடவை பன்னிரண்டு முழம். என் பாதி ஆறு முழம், அவள் பங்கு நாலு. ஆக, பத்து முழம் முடிந்துவிட்டது! தினமும் முழம் போட்டு அளக்கிறவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

மீதி இரண்டு முழமும் முந்தானை. அதை நீங்கள் நெய்வதாகப் பேச்சு. அண்ணன் கை படாமல் புடவையைத் தறியிலிருந்து அறுக்க விடமாட்டேன் என்று பரிமளா ஒரே பிடிவாதம். நான் உட்கார்ந்தால் நாலு நாளில் முடியும். தறி நாடாவைத் தொட்டே மூன்று வருஷமான உங்களுக்கு ஒரு வாரமாவது ஆகும். ஆவணி பத்து முகூர்த்தம். லீவு நாட்களை நீங்களே கணக்குப் பண்ணுங்கள், என்னைப் போலப் பண்ணாதீர்கள்.

தப்பு என்னுடையது. அதற்கு அவளைத் தண்டிக்காதீர்கள். என்னையும்தான். மூன்று வருஷமாக உங்கள் முகத்தைப் போனில்தான் பார்க்கிறேன், போதும். அம்மன் புண்ணியத்தில் பத்திரமாக வந்து சேருங்கள். நீங்கள் வருகிற வரைக்கும் அந்த இரண்டு முழத்தில் வேறு யார் கையும் படாது.

உங்கள்
ரேணுகாதேவி