என்னை நானே வேலையை விட்டு நிறுத்திய நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதினால் நீ உடனே புருவத்தைத் தூக்குவாய், அதனால் இப்படி எழுதுகிறேன், எனக்கு முழங்கால் வலியும் சர்க்கரையும் அப்படியே இருக்கின்றன, அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, பசி எடுக்கிறது, குரல் கணீரென்று இருக்கிறது, மறதி மட்டும் போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. போனில் பேசாமல் ஏன் காகிதத்தை எடுத்தேன் என்று யோசிப்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் என்னால் ம் போட மட்டும்தான் முடியும், அந்த ம் எல்லாவற்றையும் நீ சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறாய். ஆபீஸில் இத்தனை பேரை மேய்க்கிற மேனேஜரம்மா நீ, நானோ பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியும் அதற்கு என்னைப் பிடிக்காமல் போனவன். காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார், அந்தத் தைரியம்தான்.

முதலில் நீ கோபத்தோடு கேட்கப்போகிற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், செவ்வாய்க்கிழமை நீ ஏற்பாடு செய்து அனுப்பிய முதியோர் இல்லத்து வேனை நான்தான் திருப்பி அனுப்பினேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்த இல்லத்து மேற்பார்வை அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை, நல்ல மனுஷி, வாசல் வரை வந்து மரியாதையாகத்தான் பேசினாள். நீ இடம் பிடிக்கப் போவதாகச் சொன்னபோது நான் பார்க்கலாம் என்றேன், அதை நீ சரி என்று எடுத்துக்கொண்டாய். உன் சின்ன வயதில் சைக்கிள் கேட்டபோதும் நாய்க்குட்டி கேட்டபோதும் பார்க்கலாம் என்றுதான் சொன்னேன், எது வந்தது சொல். உன் அப்பாவின் பார்க்கலாமுக்கு அர்த்தம் தெரியாத பெண்ணா நீ.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அந்த அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள், ஆனால் அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும். முன் கதையை நான் உனக்குச் சொல்லாமலே வைத்திருந்தேன், சொன்னால் சிரிப்பாயோ அழுவாயோ என்று தெரியவில்லை. சில மாதங்களாகவே பகலில் அம்மாவுக்கு நான் யாரென்று தெரிவதில்லை. இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி கேன்டீன் நடத்திய கை அல்லவா, வீட்டில் ஒரு ஆள் காய் நறுக்கிக்கொண்டும் தரை துடைத்துக்கொண்டும் இருந்தால் அவன் கேன்டீனில் சேர்ந்த உதவியாள் என்று முடிவு கட்டிவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை, நானும் சொன்னதைச் செய்தேன், கல்யாணம் ஆனதிலிருந்து செய்கிற வேலைதானே. சிக்கல் சாயங்காலம்தான். வெயில் இறங்க ஆரம்பித்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. "நேரமாச்சு, உங்க வீட்டுல தேடமாட்டாங்களா, கிளம்புங்க. எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம், வேத்து ஆம்பிளை உள்ள இருந்தா நல்லா இருக்காது" என்பாள். நான்தான்டி உன் வீட்டுக்காரன் என்று சொல்லிப் பார்த்தேன். கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது அவரு. நீங்க யாரு?" என்றாள். அதில் இருக்கிறவனுக்குத் தலை நிறைய முடி, அவளையும் குற்றம் சொல்ல முடியாது. கத்தினாள், அழுதாள், ஒரு நாள் துடைப்பத்தை எடுத்தாள். அன்றைக்குப் பயந்துபோய் செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் கிடைத்த பையோடு வெளியே போய்விட்டேன். மாடிப்படியில் இறங்கி, தெருமுனை வரை நடந்து, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்து கதவைத் தட்டினேன். திறந்தவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "வந்துட்டீங்களா, ஏன் இவ்வளவு நேரம், லிஃப்ட் எங்கயாவது மாட்டிக்கிச்சா" என்று கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நான் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற லிஃப்ட் மெக்கானிக்.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். விடிகாலையில் அவள் எழுவதற்கு முன்னால் பால் வாங்கப் போய்விடுவேன், பாலோடு உள்ளே வருகிறவன் பகல் ஆள். சாயங்காலம் அவள் துரத்தினால் மறு பேச்சில்லாமல் சட்டையை மாற்றிக்கொண்டு, பழைய டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, ஒரு சுற்று சுற்றிவிட்டுப் புருஷனாக வந்து கதவைத் தட்டுவேன். ஆயுசு பூராவும் லிஃப்டோடு மேலே போய்க் கீழே வந்து கடைசியில் புறப்பட்ட இடத்திலேயே நின்றவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. எதிர் வீட்டுத் தையல்காரம்மா, "என்னண்ணே, ஷிஃப்ட் மாறியாச்சா" என்று கேட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் கண்ணு, கதவைத் திறந்து ஒருத்தி தினமும் அப்படிச் சந்தோஷப்படுகிற மாதிரி எத்தனை பேருக்கு வாய்க்கும், எனக்கு வேலையில் இருந்த காலத்தில்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை.

இப்போது திங்கட்கிழமை சாயங்காலத்துக்கு வருகிறேன். சாப்பாடு போட்டுக்கொண்டே அம்மா என்னிடம் பகல் ஆளைப் பற்றிப் புகார் சொன்னாள். "அந்தாளுக்குக் கை சுத்தம் இல்லீங்க. சர்க்கரை டப்பா பாதி காலி. நான் பார்க்கலன்னு நினைச்சு அள்ளி வாயில போட்டுக்கறாரு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அது உண்மை. டாக்டர் தொடக்கூடாது என்று சொன்னதை நான் திருட்டுத்தனமாகத் தின்றுகொண்டிருந்தேன், பேர் மறந்தவளுக்கு என் களவு மட்டும் கண்ணில் படுகிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும், பேச்சை மாற்றியிருக்க வேண்டும். ஆனால் புருஷன் வேஷத்தில் எனக்குக் கொஞ்சம் மிடுக்கு ஏறிவிடுகிறது. அவளைச் சந்தோஷப்படுத்துகிற நினைப்பில், அவனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். வேலையை விட்டு நிறுத்தியது என்னையே என்று என் மண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலை பாலோடு வந்தால் கதவுக்கு உள்சங்கிலி போட்டிருக்கிறது. ஒரு சாண் இடைவெளியில் அம்மா முகம். "உங்களைத்தான் நிறுத்தியாச்சே. எங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரு. போங்க" என்றாள். நேற்று நடந்தது எதுவுமே இன்று நிற்காத அவள் தலையில் இது மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றிருக்கிறது பார். குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு வந்திருப்பாள் போல, நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வாளி நிறைந்து, தண்ணீர் கதவுக்கு அடியில் வழிந்து என் செருப்பை நனைக்க ஆரம்பித்தது. கேஸ் வால்வை அவளுக்குத் தெரியாமல் மூடிவிட்டுத்தான் போயிருந்தேன், அந்த ஒரு நிம்மதி. சரியாக அந்த நேரத்தில்தான் உன் வேன் வந்து கீழே நின்றது. மேற்பார்வை அம்மாவும் ஒரு உதவியாளும் படியேறி வந்து பார்த்தால், வீட்டுக்காரன் பால் பாக்கெட்டோடு வெளியே, நோயாளி பூட்டிக்கொண்டு உள்ளே, நடுவில் ஓடுகிற தண்ணீர். இல்லத்தில் சேர்க்க இதைவிட ஒரு சிபாரிசு வேண்டுமா. அந்த உதவியாள் தோளைக் கதவில் வைத்து, "ஒரே தள்ளு போதும் சார், சங்கிலி பேந்துரும்" என்றான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். உடைத்துக்கொண்டு உள்ளே போனால் அதற்கப்புறம் நான் அவளுக்கு யார், கதவை உடைத்த திருடன். அந்தப் பயத்தை எந்தச் சாயங்காலம் வந்து தட்டி நான் போக்குவேன்.

அதனால் வேலை கேட்டேன். கிண்டல் இல்லை, பகல் ஆளாக நிஜமாகவே அவளிடம் கேட்டேன். அம்மா, தண்ணீர் வீணாகப் போகிறது, அதை மட்டும் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறேன் என்றேன். "ஒரு குழாயை மூடத் தெரியாமயா நான் இத்தனை வருஷம் கேன்டீன் நடத்தினேன்" என்று முறைத்துவிட்டு, அவளே போய் மூடிவிட்டு வந்தாள். மேற்பார்வை அம்மா அப்போது சங்கிலி இடைவெளியில் குனிந்து, எங்களோடு வருகிறீர்களா, தோட்டம் இருக்கிறது, பேச்சுத் துணைக்கு உங்கள் வயதில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அன்பாகக் கேட்டாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வரலாம்மா, எனக்கென்ன. ஆனா அவரு சாயங்காலம் பசியோட வருவாரு. கதவு பூட்டியிருந்தா பக்கத்துல யாரையும் கேக்கமாட்டாரு, கூச்ச சுபாவம், அப்படியே படியில நின்னுக்கிட்டிருப்பாரு. அவரு வரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்." அவர் எப்படி இருப்பார் என்று அந்த அம்மா கேட்டாள். "நல்ல உயரம், சுருட்டை முடி" என்றாள், சொல்லிவிட்டு என்னைக் காட்டி, "இவரை மாதிரிக் கிழவர் இல்ல" என்றாள். உதவியாள் திரும்பிக்கொண்டு சிரித்தான். நான் சிரிக்கவில்லை. போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ போனில் என்ன சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா. அம்மாவுக்கு உங்களை அடையாளமே தெரியலப்பா, யார் பார்த்துக்கிட்டா என்ன என்றாய். என் உடம்பை நினைத்துத்தான் சொன்னாய், தெரியும், அதனால் கோபமில்லை. ஆனால் அது தப்பு. அவளுக்கு என் முகம் போய்விட்டது, நான் வருவேன் என்பது போகவில்லை. நாளெல்லாம் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தோட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அங்கேயும் சாயங்காலம் ஆகும், அங்கே எவன் வந்து கதவைத் தட்டுவான். பார்வையாளர் நேரம் மத்தியானத்தோடு முடிகிறது என்று நீயே சொன்னாய். கேட்டுட்டுச் சொல்றேன் என்று அவள் சொன்னது என்னைக் கேட்டுத்தானே. நான் அங்கேயே, அந்தப் படியில் உட்கார்ந்தபடியே பதில் சொல்லிவிட்டேன், அனுப்பமாட்டேன். மேற்பார்வை அம்மா காகிதத்தை எடுத்து, இடம் வேண்டாம் என்பதற்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினாள். போகும்போது, "பகல்ல வந்து பார்த்துக்க ஒரு பொண்ணை எங்களால அனுப்ப முடியும் சார்" என்றாள். அதற்குச் சரி என்றேன். நான் பிடிவாதக்காரன்தான், முட்டாள் இல்லை. அந்தப் பெண் வியாழன் முதல் காலை வேளைகளில் வருகிறாள், அம்மா அவளுக்குக் காய் நறுக்கச் சொல்லித் தருகிறாள், நான் அந்த நேரத்தில் தூங்குகிறேன். உள்சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டேன். தையல்காரம்மாவிடம் ஒரு சாவி இருக்கிறது. ஒரு நாள் என்னால் முடியாமல் போகலாம், போனால் நானே உனக்குச் சொல்வேன், வாய்விட்டுச் சொல்வேன், பார்க்கலாம் என்று சொல்லமாட்டேன். அந்த நாளை நீ அங்கிருந்து தேதி குறித்து வேன் ஏற்றி அனுப்பாதே. அவள் உனக்கு அம்மா, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் உனக்கு அம்மா ஆவதற்கு முன்பே எனக்குப் பெண்டாட்டி.

அன்று பகல் முழுக்கப் படியிலேயே இருந்தேன், தையல்காரம்மா தட்டில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள். சாயங்காலம் அவள் வீட்டிலேயே முகம் கழுவி, அவள் புருஷன் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்த் தட்டினேன். சங்கிலி சட்டென்று விலகியது. சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "அந்தாளு இன்னைக்கு வந்து வாசல்லயே உக்காந்திருந்தாருங்க. பாவம், வயசானவரு, வேற போக்கிடம் இல்ல போல. சர்க்கரையை நான் மேல் தட்டுல வச்சுக்கறேன். இருந்துட்டுப் போகட்டுமே." நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்தேன். சரி, உன் இஷ்டம் என்றேன்.

மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். குழந்தைகளை ராத்திரி போனை நோண்ட விடாதே, கண் கெடும். நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலை எங்கேயும் ஓடிப்போகாது. அந்த இல்லத்துக்கு எழுதி இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு, மறக்காதே, காத்திருக்கிற வேறு யாருக்காவது கிடைக்கட்டும். லீவு கிடைத்தால் வா, கூட்டிக்கொண்டு போக வராதே, பார்க்க வா. வரும்போது ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், நான்தான் உன் மகள் என்று அவளிடம் வாதாடாதே, போட்டோவைக் காட்டாதே, கண்ணைக் கசக்காதே. வாசலில் நின்று பசிக்கிறது என்று சொல். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேலை திரும்பக் கிடைத்துவிட்ட
உன் அப்பா