நெஞ்சில் பட்ட அடி

10 பிப்ரவரி 1964, ஆட்டையாம்பட்டி

ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பாதியில் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். உபகாரசாமி ஓட்டிவந்த லாரி அயோத்தியாப்பட்டணத்துக்கு அருகே மரத்தில் மோதிவிட்டதாம். சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். கோயிலில் தாலி கட்டியது எனக்குத்தானே, எனக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அவர் பரமத்தி வேலூரில் குப்பாயியோடு குடியிருக்கத் தொடங்கி நான்கு வருஷம் ஆகிறது.

11 பிப்ரவரி, சேலம்

எலும்பு எதுவும் முறியவில்லை. நெஞ்சில் ஸ்டியரிங் இடித்த இடம் மட்டும் கருநீலம். நாளைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார் அவர். ஆனால் நாடி விட்டுவிட்டு அடிக்கிறது. இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்புக்குப் போடுகிற, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியைப் போடலாமா என்று சின்ன டாக்டர் கேட்டார். பெரிய டாக்டர் பாக்கியநாதன் வேண்டாம் என்றுவிட்டார். இது அடைப்பு இல்லை, அடிபட்டு இதயத் தசையே கன்றியிருக்கிறது, அந்த ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கசியலாம் என்றார். துடிப்பு சீராகக் குவினிடின் மாத்திரை, அசையாத படுக்கை. மாத்திரை ஒரு வேளைகூடத் தப்பக் கூடாதாம்.

தப்பினால்?

“துடிப்பு நின்னு போகலாம்மா.”

12 பிப்ரவரி

பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

14 பிப்ரவரி

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கு, காதில் இரைச்சல். காலையில் துப்பிவிட்டார். மறுபடி நீட்டினேன்.

“உங்கிட்ட வாங்கித் தின்னு பொழைக்கறதுக்கு இப்படியே போயிர்றேன், டீச்சரம்மா.”

கோபம் இல்லை. வெட்கம் என்று நினைக்கிறேன். எனக்கென்ன வந்தது, போகட்டுமே — எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை.

மத்தியானம் கண் செருகியது. நாடி கைக்குக் கிடைக்கவில்லை. டாக்டர் ஓடிவந்து வேறொரு மருந்தை நரம்பில் ஏற்றினார். மெல்ல விழித்தார்.

15 பிப்ரவரி

குப்பாயி முதல் நாளிலிருந்தே ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாளாம். சொந்தக்காரர்களைத் தவிர யாரையும் விடுவதில்லை. ஆயா இன்றுதான் சொன்னாள். போனேன். இளவயசுக்காரி என்று நினைத்திருந்தேன். இல்லை, என் வயசுதான் இருக்கும். எழுந்து நின்றாள்.

“நான் உள்ள வல்லீங்க, சாமி. உசுரு இருக்குதான்னு மட்டும் சொல்லுங்க.”

“நீ குடுத்தா மாத்திரை திம்பாரா?”

“திம்பாருங்க.”

உறவுக்காரி என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனேன். அவள் நீட்டியதும் வாயைத் திறந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

17 பிப்ரவரி

டாக்டர் அளவைக் குறைத்திருக்கிறார். இரைச்சல் கூடினால் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்று குப்பாயிக்குச் சொன்னேன். நாடி பார்க்கவும் காட்டிக் கொடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துத்தான் பழகினாள். கரும்பு வெட்டிக் காய்த்த விரல்கள்.

நாளை முதல் பள்ளிக்குப் போகிறேன்.

2 மார்ச்

துடிப்பு இப்போது தப்புவதில்லை. பரமத்தி வேலூருக்குப் புறப்பட்டார்கள். அவர் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாத்திரையை விட்டுவிடாதீர்கள் என்று நான் முந்திக்கொண்டேன்.

6 ஏப்ரல்

மறுபடி இ.சி.ஜி. எடுக்க வரச்சொல்லி எனக்குத்தான் தகவல் வந்தது. அவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு நானும் போனேன். தசை ஆறிவிட்டது, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். லாரி மட்டும் இந்த வருஷம் வேண்டாமாம். எப்படிக் குறைப்பது என்று என்னிடம் சொல்லத் தொடங்கினார். குப்பாயி சுவரோரம் நின்றாள். உபகாரசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவங்ககிட்ட சொல்லுங்க, டாக்டர்” என்றேன். “ஊட்டுக்காரங்க இவங்கதான்.”

டாக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி முதலிலிருந்து சொன்னார். நான் எழுந்து, என் நாற்காலியை அவளுக்கு விட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆட்டையாம்பட்டி வரை தூங்கினேன்.