பதினொரு பூஜ்ய டிக்கெட்

பிப்ரவரி 19

இது 2019-ஆம் வருட டைரி. உரக்கடைக்காரர் கொடுத்தது, ஒரு வரிகூட எழுதாமல் அலமாரியில் கிடந்தது. தேதி பொருந்துகிறது, கிழமை பொருந்தவில்லை. பரவாயில்லை, எனக்கும் இப்போது எதுவும் பொருந்துவதில்லை.

பஸ் டிப்போ எதிரே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்தான் எழுதச் சொன்னார். "எப்பெப்போ களைப்பா இருக்குன்னு ஒரு நோட்டுல குறிச்சுட்டு வாங்கம்மா." அவருக்கு முப்பது வயது இருக்கும். களைப்பு என்றால் காய்ச்சல் மாதிரி விட்டுவிட்டு வரும் என்று நினைக்கிறார் போல.

குறிக்கிறேன். காலை ஐந்து மணி, ரொட்டி தட்டும்போது: களைப்பு. ஆறு பத்து, மாவினகொப்பாவில் வண்டி கிளம்பும்போது: களைப்பு. தார்வாட் மார்க்கெட்டில் கூட்டம் இறங்கும்போது: களைப்பு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது: குனிய முடியாமல் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். படுத்தால் மட்டும் தூக்கம் ஓடிவிடுகிறது. உடம்பு அடுப்பாய்க் கொதிக்கிறது, போர்வையை உதைக்கிறேன், பிறகு குளிர்ந்து நடுங்குகிறேன்.

பிப்ரவரி 20

களைப்பு.

பிப்ரவரி 23

மூன்று மாதமாக வரவில்லை. அப்பாடா, ஒழிந்தது என்று பெட்டியில் இருந்த துணியையெல்லாம் தூக்கிப் போட்டேன். அதற்காகவே காத்திருந்ததுபோலத் திரும்பி வந்துவிட்டது. இன்றோடு ஒன்பது நாள், நிற்பதாக இல்லை. எட்டு மணி நேரம் ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு, கறுப்புப் பாவாடையை நம்பி, சிரித்த முகத்தோடு "முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க" என்று கத்த வேண்டும். டிப்போவில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருக்கிறது. உள்ளே பழைய டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். டயருக்கு என்ன அவசரமோ.

பிப்ரவரி 27

இன்று இவரிடம் சொன்னேன், முடியவில்லை என்று. பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிற மனுஷர், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாள் பூரா பஸ்லதானே உக்காந்து வர்ற? அப்புறம் என்ன அசதி?"

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். கண்டக்டர் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சண்டை போடலாம் என்று எழுந்தேன். அதற்கும் தெம்பில்லை. படுத்துவிட்டேன்.

டிரைவர் மாபுசாப் அண்ணன் பரவாயில்லை. வண்டி முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிக்கொண்டே, "இன்னொண்ணு மிச்சம் இருக்கு தங்கச்சி, உனக்கும் கட்டி விடவா?" என்றார். கொத்தமல்லிக் கூடைக்காரி கல்லவ்வா தினம் ஒரு எள்ளுருண்டை கொண்டு வந்து என் வாயில் திணிக்கிறாள். எள் சூடு என்று பின் சீட்டில் ஒருத்தி. எள்தான் மருந்து என்று இன்னொருத்தி. அந்தச் சண்டையில் நான்கு ஸ்டாப் போனது.

மார்ச் 2

டாக்டரிடம் நோட்டைக் கொண்டுபோனேன். பிரிக்கவே இல்லை. "இந்த வயசுல இப்படித்தாம்மா இருக்கும். மனச சந்தோஷமா வெச்சுக்கோங்க" என்று சத்து மாத்திரை எழுதினார். மனசை எங்கே வைக்க? பையில் இடமில்லை.

இனி எனக்காகவே எழுதுகிறேன்.

மார்ச் 12

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை முதல் டிரிப். ஆண்கள் நாலே பேர், ஏறினதும் கிழித்துக் கொடுத்துவிட்டேன். மிச்சம் பதினொரு பேரும் மார்க்கெட்டுக்குப் போகிற கீரைக்காரிகள், தினமும் வருகிறவர்கள். பெண்களுக்குக் காசில்லை. ஆனால் டிக்கெட் உண்டு. பூஜ்யம் என்று அச்சான சீட்டை ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கண்டக்டர் தலை உருளும். கொடுத்துவிடலாம், ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்று கதவோரச் சீட்டில் உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியெல்லாம் அப்புறம் அவர்களே பெருமையாகச் சொன்னது.

நான் தூங்கிவிட்டேன். கல்லவ்வா என் மடியிலிருந்து டிக்கெட் மெஷினை எடுத்து, விழாமல் முந்தானையில் சுற்றி வைத்திருக்கிறாள். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, ஸ்டாப்புக்கு ஸ்டாப் அவளே ஊதியிருக்கிறாள். மாபு அண்ணன் என்னை எழுப்பக்கூடாதென்று வேகத்தடையில் எல்லாம் மாட்டுவண்டி மாதிரி ஏற்றி இறக்கியிருக்கிறார். டிக்கெட்டைப் பற்றி ஒருத்தரும் நினைக்கவில்லை. சும்மா வருவதற்கு எதற்குச் சீட்டு என்பது அவர்கள் கட்சி.

ரயில்வே கேட்டில் செக்கிங் இன்ஸ்பெக்டர் பாட்டீல் ஏறினார். சொந்த மாமனாரிடமே அபராதம் வாங்கினவர் என்று டிப்போவில் பேர். "கண்டக்டர் எங்க?" என்று அவர் கேட்டதும், கல்லவ்வா உதட்டில் விரல் வைத்து, "மெதுவா பேசுங்க சாஹேப், இப்பத்தான் கண்ணசந்தா" என்றிருக்கிறாள்.

அந்தக் குரலில்தான் விழித்தேன். வாயோரம் எச்சில். எதிரே பாட்டீல், கையில் நோட்டு.

"பதினொரு பயணி. டிக்கெட் இல்ல. ஒருத்தர்கிட்டயும் இல்ல."

இருபத்திரண்டு வருஷம். ஒரு மெமோ கிடையாது எனக்கு. ஒண்ணுகூடக் கிடையாது. பணத்தைத் திருடியிருந்தால்கூட ஒரு அர்த்தம் இருக்கும், பூஜ்யத்துக்கா மாட்டணும் நான்? அழுதேன். எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன், பாட்டீல் முன்னாடி.

மார்ச் 13

மெமோ வந்துவிட்டது. ஏழு நாளில் எழுத்துமூலம் விளக்கம். திருப்தியில்லையென்றால் வேறு டிப்போவுக்கு மாற்றல். எண்பது கிலோமீட்டர் தள்ளி.

மார்ச் 16

ஆளாளுக்கு யோசனை.

டிப்போ கிளார்க்: "அம்மா செத்துட்டாங்கன்னு எழுதுங்கக்கா. எல்லாரும் அதான் எழுதுறாங்க." என் அம்மா போய்ப் பதினாலு வருடம். அந்த பைல்களில் சிலருடைய அம்மா நாலைந்து முறை செத்திருக்கிறார்கள்.

மாபு அண்ணன்: "பேதின்னு எழுது தங்கச்சி. அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான்."

இவர்: "மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிடு. என்ன பெரிய காரணம்?"

எல்லாருக்கும் உண்மை தெரியும், அதை மட்டும் எழுதக்கூடாது. எழுதினால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நிற்க முடியாதவள் என்று பஸ்ஸிலிருந்து இறக்கி, ஆபீசில் பைல் தூசி தட்ட வைத்துவிடுவார்கள். பொய் எழுதி மாட்டினால் ஊரைவிட்டுப் போக வேண்டும், உண்மை எழுதினால் பஸ்ஸைவிட்டு இறங்க வேண்டும். எனக்கு இந்த ரூட் வேண்டும். கொத்தமல்லி வாசனையும் அந்தப் பதினொரு வாயும் வேண்டும். இதை இவரிடம் சொன்னால் சிரிப்பார்.

ஒருவேளை நான் சோம்பேறிதானோ? நிஜமாகவே கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 18

லீவு போட்டேன். கல்லவ்வா தன் கூடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். பெண் டாக்டர், நரைத்த தலை, முகத்தில் சிரிப்பே இல்லை. டைரியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். பாவாடை, டயர் எல்லாம் படித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ரத்தம் எடுத்து, மதியம் கூப்பிட்டார்கள்.

"ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்கணும். உங்களுக்கு ஏழுகூட இல்ல. இத வெச்சுக்கிட்டு நின்னுட்டே வேலை பாத்தீங்களா?"

"இந்த வயசுல இப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க டாக்டரம்மா."

"நிக்கிற காலத்துல தாறுமாறா வரும். அதுக்காகப் பெருகி ஓடினா பாத்துட்டு இருக்கறதா? வீட்டுக் குழாய் ஒழுகினா வயசாயிடுச்சுன்னு விட்டுடுவீங்களா?"

ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னக் கட்டி, பயப்பட வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். ரத்தப்போக்கு நிற்க மாத்திரை. இரும்புச் சத்தை ஊசியில் ஏற்ற ஐந்து முறை வர வேண்டும். ராத்திரிக் கொதிப்புக்கு என்ன செய்யலாம் என்று அடுத்த முறை பேசலாம் என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கல்லவ்வா பயந்துவிட்டாள். "ஏ மகாதேவி, ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க?" என்றாள். ஒன்று இருக்கிறது என்று சொன்னார்கள், அதற்குத்தான் அழுதேன். நான் சோம்பேறி இல்லை.

மார்ச் 20

விளக்கம் எழுதிவிட்டேன். இங்கேயும் ஒரு நகல்.

"எனக்கு ஐம்பது வயது. மாதவிடாய் நிற்கும் காலம். அன்றோடு இருபத்தாறு நாளாக ரத்தப்போக்கு இருந்தும் விடுப்பு எடுக்கவில்லை, ஏனென்றால் விடுப்புப் படிவத்தில் காரணம் எழுத வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டதுதான் என் தவறு. ரத்தத்தில் சத்து குறைந்து, பணியில் தூங்கிவிட்டேன். மருத்துவச் சீட்டு இணைத்துள்ளேன். சிகிச்சை முடிந்ததும் இதே ரூட்டில் நின்றே வேலை பார்ப்பேன். பெண்கள் கழிப்பறையில் உள்ள டயர்களை அகற்றவும்."

கடைசி வரிக்கும் மெமோவுக்கும் சம்பந்தமில்லை. எழுத ஆரம்பித்ததும் கை நிற்கவில்லை.

மார்ச் 21

கிளார்க் முதல் வரி படித்தான், காது சிவந்தது, மடித்துக் கவரில் போட்டு ஒட்டிவிட்டான். முத்திரையைக் கவர்மேல் குத்தினான்.

மார்ச் 30

யுகாதி. வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து இவர் என் கையில் கொடுத்தார். இந்த வருடம் எனக்கு வேப்பம்பூ முன்னாடியே கிடைத்துவிட்டது, வெல்லத்தை மட்டும் கொடுங்கள் என்றேன். சிரிக்கவில்லை. காலையில் அவரே அடுப்படிக்குப் போய் ரொட்டி தட்டியிருந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசத்து வரைபடம். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 3

விசாரணை. டிப்போ மேனேஜர் கவரைப் பிரித்து என் விளக்கத்தை வாசிக்கப் போனார், இரும ஆரம்பித்தார், கிளார்க்கிடம் தள்ளினார். கிளார்க் கண்ணாடி கொண்டு வரவில்லையாம். அவன் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. கடைசியில் பாட்டீல் வாங்கி வாசித்தார், பஸ் நம்பர் வாசிக்கிற குரலில், ஒரு வார்த்தை விடாமல். டயர் வரைக்கும். அந்த அறையில் தலை நிமிர்ந்திருந்தது அவரும் நானும்தான்.

அந்த நேரம் பார்த்துப் பதினொரு பேரும் கூடையோடு உள்ளே வந்தார்கள். சாட்சியாம். யாரும் கூப்பிடவில்லை.

"நீங்க ஏம்மா டிக்கெட் கேக்கல?" என்றார் மேனேஜர்.

"தூங்கறவள எழுப்பிக் காசில்லாத சீட்டு கேக்கறதா? உங்க வீட்டுல அப்படித்தான் எழுப்புவீங்களா?" என்று கல்லவ்வா ஆரம்பித்தாள். "எனக்கு நின்னப்போ எத்தனை நாள் போச்சு தெரியுமா சாஹேப்?"

தெரிய வேண்டாம் என்று மேனேஜர் கை காட்டுவதற்குள் சொல்லிவிட்டாள். அடுத்தவள் தன் கதையை எடுத்தாள். மூன்றாவது ஆள் வாய் திறந்ததும், விசாரணை முடிந்தது என்று மேனேஜர் எழுந்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் பாட்டீல் என்னை நிறுத்தினார்.

"அந்த டாக்டரம்மா எந்தெந்த நாள் இருப்பாங்க?"

"செவ்வாய், வெள்ளி. ஏன் சாஹேப்?"

"பைலுக்கு" என்றார்.

ஏப்ரல் 15

உத்தரவு வந்தது. எழுத்துமூலம் எச்சரிக்கை. மாற்றல் இல்லை, ரூட் மாற்றமும் இல்லை. இருபத்திரண்டு வருடத்து வெள்ளைத் தாளில் ஒரு கறை விழுந்தது விழுந்ததுதான். உறுத்துகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டயர்களை எடுத்துவிட்டார்கள். இப்போது துடைப்பம் அடுக்கியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 22

ஐந்தாவது ஊசி. ஒன்பதரைக்கு ஏறியிருக்கிறது. களைப்பு போய்விட்டதா என்றால் இல்லை. முன்பு வீட்டுக்காரி மாதிரி இருந்தது, இப்போது விருந்தாளி மாதிரி வந்து போகிறது. மார்க்கெட்டில் வண்டி நிற்கும் நாற்பது நிமிஷம் பின்னாலுள்ள நீள சீட்டில் படுத்துவிடுகிறேன். யாராவது ஏற வந்தால் மாபு அண்ணன், "வண்டி கழுவறோம், இருங்க" என்கிறார். தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது.

மே 2

இன்று வெள்ளி. டைரி வியாழன் என்கிறது.

ரயில்வே கேட்டில் பாட்டீல் நின்றிருந்தார். பதினொரு பேருக்கும் கொடுத்துவிட்டேனா என்று ஒரு நொடிக்குள் எண்ணினேன். கொடுத்திருந்தேன். ஆனால் அவர் சீருடையில் இல்லை. கூட ஒரு பெண், என் வயது இருக்கும், முகம் வெளுத்து, அவர் கையைப் பிடித்துத்தான் படி ஏறினாள். கல்லவ்வா ஒன்றும் கேட்காமல் கூடையை இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் இடம் விட்டாள்.

அடுத்த ஸ்டாப் வரும்முன் அந்தம்மா தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தத் தூக்கம் எனக்குத் தெரியும்.

"எங்க சாஹேப்?"

"ஆஸ்பத்திரி ஸ்டாப். ஒண்ணு எனக்கு. ஒண்ணு…" நிறுத்தினார். "எழுப்ப வேண்டாம்."

அவர் காசு கொடுத்தார், டிக்கெட் கொடுத்தேன். பூஜ்ய டிக்கெட்டையும் அவரிடமே நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். தேதி, நேரம், ஸ்டாப், எல்லாம் சரிபார்த்தார், வேறு எப்படி இருப்பார் அந்த மனுஷர்? அப்புறம் தூங்குகிற பெண்டாட்டியின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, சீட்டை உள்ளங்கையில் வைத்து, மூடி, அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வரை நான் விசில் ஊதவில்லை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினேன். மாபு அண்ணன் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார், அடுத்த வேகத்தடையை மாட்டுவண்டி மாதிரி ஏற்றி இறக்கினார்.