ஆட்டுத்தலை எனக்கு வேண்டாம்

அன்புள்ள அம்மா,

உன் மூட்டுவலி தேவலையா? நான் சுகமாக மாஸ்கோ வந்து சேர்ந்தேன்.

எல்லையில்தான் சின்னத் தாமதம். மனைவியைப் பிரிந்தவன் பிள்ளைக்குப் பணம் கட்டாவிட்டால் நாட்டைத் தாண்டக்கூடாதாம், புதுச்சட்டம். பேருந்துக்குள் ஏறிய அதிகாரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மகளுக்கு என்னய்யா குடுத்தே?"

"பொறந்தநாளுக்கு ஆடு குடுத்தேனே!"

"யாரு தின்னது?"

"எல்லாரும்தான். தலைய எனக்கு வச்சாங்க."

"தலைய விருந்தாளிக்குல்ல வைப்பாங்க? நீ அப்பனா, விருந்தாளியா?"

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதித்த பிறகே விட்டாள்.

கம்பளிக் காலுறை அனுப்பு. என் மகள் அய்பேரிக்குப் பழைய பூட்ஸ் இன்னும் பத்துகிறதா என்று போய்ப் பார். மேஸ்திரி கத்துகிறார், முடிக்கிறேன். அவள் அம்மாவிடம் சொல்லிவை: அடுத்த தடவை தலை வேண்டாம், மகள் பக்கத்தில் உட்கார்ந்து எலும்பு கடிக்கிறேன்.

மெலிஸ்