உங்ககிட்ட மட்டும் என்ன பேசுறாக?

வலையபட்டி
12.9.2024

அமீர் அண்ணனுக்கு முத்தழகு எழுதுறேன்.

போன்ல பேசினா எங்க வீட்டுக்காரக காதுல விழும், ஒத்தை அறை வீடு. அதான் அவுகளுக்குக் கை கால் பயிற்சி குடுக்க வர்ற ஈஸ்வரியக்காகிட்ட இதைக் குடுத்து விடுறேன்.

அவுக சாரத்துலேருந்து விழுந்து, முதுகுத்தண்டு அடிபட்டு அஞ்சு மாசமாச்சு. நான்தான் குளிப்பாட்டுறேன், மூத்திரப்பை மாத்துறேன். என் மூஞ்சியைப் பாக்குறதில்லை. எது கேட்டாலும் "ம்". நீங்க வியாழக்கிழமை வந்து உக்காந்தா மட்டும் சிரிக்கிறாக, அழுகுறாக. நான் உள்ள வந்தா ரெண்டு பேரும் பேச்சை நிப்பாட்டிருறீக.

விழுந்த அன்னைக்கு அவுக கொத்தனார், நான் கலவை தூக்கினேன். "இன்னும் கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நில்லுங்க"ன்னு கீழேருந்து சொன்னது நான்தான். அதைத்தான் உங்ககிட்ட சொல்றாகளா?

முத்தழகு

காரைக்குடி
14.9.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடுதாசியை நாலு தடவை படிச்சேன். உன் வீட்டுக்காரர் சொக்கு பேசுறதை வெளியே சொல்றதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அடிபட்டுக் கிடக்கிறவங்களை வீட்டுக்குப் போய்ப் பாக்குற எங்க தன்னார்வக் குழுவுல முதல்ல சொல்லிக் குடுத்ததே அதுதான்.

நான் பெருசா ஒண்ணும் செய்யலைம்மா. லாரி ஏறி என் கால் போன கதையைச் சொல்வேன். அவர் தன் கதையைச் சொல்வார். உன்னை ஒரு குறையும் சொன்னதில்லை. இதை உனக்கு எழுதினதே சரியா, தப்பான்னு தெரியலை.

அண்ணன்,
அமீர் ஹம்சா

வலையபட்டி
27.9.2024

அண்ணனுக்கு,

போன வாரம் "இனிமே வராதீக"ன்னு வாசல்லயே சொன்னேன். நீங்களும் திரும்பி நடந்தீக. ஏன் சொன்னேன்னு எனக்கே புரியலை. பொறாமைதான் போல.

நேத்து சாயங்காலம் வரைக்கும் உங்களுக்காகக் காத்திருந்தாக. உண்மையைச் சொன்னேன். சோத்துத்தட்டைத் தூக்கி எறிஞ்சாக.

"எனக்குன்னு இருந்தது அந்த ஒரு மனுசன்டி!"

நானும் கத்திட்டேன். "அப்ப நான் யாரு? நான் தள்ளி நிக்கச் சொன்னதாலதானே விழுந்தீக?"

அவுக முழிச்சாக. "நீ சொன்னியா? எனக்குக் கேக்கவே இல்லையே. காலையிலேருந்து சாப்பிடலை, கண்ணை இருட்டிருச்சு."

"பிறகு ஏன் என்கூடப் பேச மாட்டேங்கிறீக?"

"பிள்ளை மாதிரிக் கழுவி விடுற. உன் மூஞ்சியை நான் எப்படிப் பாக்க?"

ரெண்டு பேரும் அழுதோம். இன்னைக்குக் காலையில மறுபடியும் "ம்"தான். ஆனா என்னைப் பார்த்துச் சொன்னாக. இது நல்லதா, கெட்டதா? எதுவும் விளங்கலை. மன்னிச்சு வாங்கண்ணே.

முத்தழகு

காரைக்குடி
30.9.2024

தங்கச்சிக்கு,

கண்ணை இருட்டினதை சொக்கு என்கிட்ட சொன்னதே இல்லை. எல்லாத்தையும் கேட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

கால் போனப்ப நானும் ஊர்ல எல்லார்கிட்டயும் பேசினேன், என் பெண்டாட்டி அஜீஸாகிட்ட மட்டும் பேசலை. அவ சாக்கோட்டையில அவ அம்மா வீட்டுக்குப் போயி ஏழு வருசமாச்சு. அவகிட்ட பேச வேண்டியதைத்தான் உங்க வீடுகள்ல வந்து பேசிக்கிட்டுத் திரியிறேனோ என்னமோ. யாருக்கு யார் ஆறுதல்னு குழம்பிப்போயிருக்கேன்.

இந்த வியாழன் வரலைம்மா. கோவம் இல்லை. அடுத்த வாரம் வர்றேன், அப்ப நீயும் எங்களோட உக்காரணும். இந்த வியாழன் சாக்கோட்டை போறேன். என்ன சொல்றதுன்னு தெரியலை. அவ கதவைத் திறப்பாளான்னும் தெரியலை.

துஆவுடன்,
அமீர் ஹம்சா